24 பெருவிரல்: மட்டக்களப்பில் ஐந்து நாள்கள்

முதலாம் நாள், கல்லடி

காலையில் கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரெயிலில் ஏறினால் பிற்பகலில்தான் மட்டக்களப்பு வரும். மன்னம்பிட்டிக்கு அப்பால் வயல்களும் பற்றைகளும் மாறிமாறி வரத் தொடங்கியதும் பெட்டிக்குள் இருந்தவர்களின் பேச்சும் மாறிவிட்டது. 'கா' என்று முடியும் வாக்கியங்கள் காதில் விழுந்தன. நிலையத்திலிருந்து ஓட்டோவில் புளியந்தீவைத் தாண்டி, 2013ஆம் ஆண்டில் திறந்த புதிய கல்லடிப் பாலத்தில் ஏறியபோது, பக்கத்தில் பிரித்தானியர் காலத்துப் பழைய இரும்புப் பாலம் வேலை ஓய்ந்த முதியவரைப் போலக் கிடந்தது. இந்த உவமையை நான் எழுதும்போதே தோழி தொலைபேசியில் அழைத்து, "வந்திட்டியா?" என்று கேட்டாள். நல்லவேளை, அதற்கு மேல் அந்த உவமையை நீட்டவில்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தோழி சித்திரம் கற்பிப்பவள். உடலையும் கட்டடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஓவியங்களையும் சிற்பப் படங்களையும் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறாள். அவற்றைப் பார்த்து எழுதுவதற்கு ஒன்பது பேரைத் தன் வீட்டு விறாந்தையில் ஐந்து நாள்களுக்குக் கூட்டியிருக்கிறாள். எழுத்துப் பக்கத்தை நான் கவனிக்க வேண்டும். ஒன்பது பேரில் நான்கு பேர் மாணவிகள், ஒருவர் மேசன், ஒருவர் வாவியில் வலை போடுபவர், ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மற்ற இருவரும் கவிதை எழுதுபவர்கள்; முதல் நாளில் அவர்கள்தாம் அதிகம் தொல்லை தந்தார்கள்.

முதல் படமாக லூயிஸ் பூர்ஷ்வாவின் ஓவியத்தை வைத்தோம். 1911இல் பாரிசில் பிறந்து, 1938இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த அவர், 1946, 1947ஆம் ஆண்டுகளில் 'பெண்-வீடு' என்று பொருள்படும் தலைப்பில் சில ஓவியங்களை வரைந்தார். அவற்றில் பெண்ணின் மேலுடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீடு இருக்கும், கீழே வெற்றுடல். வீட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டதால் தான் முழுவதும் மறைந்துவிட்டதாக அவள் எண்ணியிருக்கிறாள் என்பதுதான் அந்தப் படங்களின் வேதனை. அரை மணி நேரம் எழுதச் சொன்னேன். ஒன்பதில் ஆறு தாள்களில் 'உடம்பு ஒரு கோயில்' என்ற தொடர் ஏதோவொரு வடிவத்தில் வந்திருந்தது.

திருமூலர் உள்ளத்தைப் பெருங்கோயிலாகவும் ஊனுடம்பை ஆலயமாகவும் வாயைக் கோபுர வாசலாகவும் பாடியபோது அது கண்டுபிடிப்பு. இன்று அது தபால் முத்திரை. எந்த உறையிலும் ஒட்டலாம். பூர்ஷ்வாவின் பெண்ணுக்குத் தலைக்கு மேல் இருப்பது கோயில் அன்று. அவளே கூட்டித் துடைக்க வேண்டிய வீடு. ஆகவே, ஐந்து நாள்களுக்கும் அந்தத் தொடர் வேண்டாம் என்றும், நாளை மதியம் வரைக்கும் 'போல' என்ற சொல்லும் வேண்டாம் என்றும் அறிவித்தேன். கவிஞர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

விதியை மீறாமல் எழுதப்பட்ட ஒரு தாள் தபாலதிபருடையது. அவர் படத்தைப் பற்றி எழுதவே இல்லை. 'மனைவி', 'இல்லாள்', 'வீட்டுக்காரி' என்ற மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இந்த அம்மா படத்தில் வரைந்ததை நாங்கள் அகராதியிலேயே எழுதி வைத்திருக்கிறோம் என்று முடித்திருந்தார். 'இல்' என்பதற்கு வீடு என்றும் இல்லை என்றும் இரு பொருள் உண்டு என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி இறந்த பின்னர்தான் குசினி எவ்வளவு சிறியது என்று தனக்குத் தெரிந்ததாகச் சொன்னார்.

இரண்டாம் நாள், அளவு

மழை இல்லை, கச்சான் காற்று காலையிலேயே புழுதியோடு வந்துவிட்டது. நேற்றிரவு தூக்கம் வராமல், உவமையைப் பறித்த பின் இவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடை விபுலானந்த அடிகளிடமிருந்து வந்தது. 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்த அவருடைய சமாதி தோழியின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கல்லடியில் இருக்கிறது. காலையில் அங்கே போய் நின்றபோது, அவர் மறைந்த ஆண்டிலேயே வெளியான யாழ் நூலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு நினைவுக்கு வந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பிற பழம்பாடல்களையும் வரிவரியாக ஆராய்ந்து, கையில் இல்லாத ஒரு கருவியின் உடம்பைக் கணக்குப் போட்டு எழுப்பியவர் அவர். அவருக்கு உவமை தேவைப்படவில்லை, அளவு தேவைப்பட்டது.

அதே காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவும் இருக்கிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அந்தக் கோல் இருபத்து நான்கு விரல் கொண்டது. அந்தக் கோலுக்கு வேண்டிய மூங்கிலும் கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்ததாக இருக்க வேண்டும். மூங்கிலின் கணுவை அங்கே 'கண்' என்றுதான் இளங்கோ சொல்கிறார். விரல், சாண், கண்: அரங்கு கட்டி முடியும் முன்பே அதற்குள் ஓர் ஆள் ஏறிவிட்டார்.

இதை ஒன்பது பேருக்கும் சொல்லிவிட்டு, முற்றத்துச் சீமெந்தில் அவரவர் பெருவிரலால் 24 முறை அளந்து ஒரு கோல் நூல் வெட்டச் சொன்னேன். பிறகு அந்த நூலைக்கொண்டு சோக்கினால் தங்கள் தங்கள் அரங்கை வரைய வேண்டும். மேசன் அண்ணனின் பெருவிரல் இரண்டரைச் சென்றிமீற்றர் அகலம்; அவருடைய கோல் 60 சென்றிமீற்றர், அரங்கு 4.2 மீற்றருக்கு 4.8 மீற்றர். அது கிணற்றுக் கட்டில் முட்டி நின்றது. மாணவிகளில் சிறியவளின் விரல் ஒன்றேமுக்கால் சென்றிமீற்றர். கோல் 42, அரங்கு 2.94க்கு 3.36. பரப்பளவில் அவளுடைய அரங்கைப்போல இரண்டு மடங்குக்கும் சற்று மேல் மேசன் அண்ணனின் அரங்கு. அவள் தன் கோட்டுக்கு உள்ளே நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எனக்கு இது காணும் அக்கா, ஆனா அண்ணன் என்ட அரங்கில ஏறினா விழுந்திருவார்" என்றாள்.

இங்கேதான் எனக்கு நெடுநாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி வெளியே வந்தது. உரைகாரர்கள் அந்த விரலை 'உத்தமன் கைப்பெருவிரல்' என்று சொல்கிறார்கள். மிக நெட்டையனும் அல்லாத, மிகக் குட்டையனும் அல்லாத ஓர் ஆண். அரங்கில் ஆடப்போகிறவள் மாதவி, அளவு வேறொருவருடையது. இது நமக்கு மட்டும் உரிய குறை அன்று. லியொனார்டோ டா வின்சி 1490ஆம் ஆண்டளவில் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உள்ளே கைகால் விரித்து நிற்க வைத்ததும் ஓர் ஆணைத்தான். கோயிலின் பகுதிகள் நல்ல உடலின் உறுப்புகளைப் போல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ் எழுதி வைத்ததன் வரைபடம் அது. இருபதாம் நூற்றாண்டில் லெ கோர்புசியே தன் கட்டடங்களுக்கெல்லாம் ஒரே மனித அளவை வகுத்தார். முதலில் 1.75 மீற்றர் என்று தொடங்கி, பின்னர் அதை 1.83 ஆக்கினார், ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் நல்ல தோற்றமுள்ள பொலிஸ்காரர்கள் எப்போதும் ஆறடி உயரம் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கையை உயர்த்தினால் 2.26 மீற்றர். நான் நாலடி பதினொரு அங்குலம். எந்தப் புதுக் குசினியிலும் மேல்தட்டில் இருக்கும் சீனிப் போத்தலை எடுக்க நான் வாங்கில் ஏற வேண்டியிருப்பதற்கு யாரோ ஒரு பொலிஸ்காரர் பொறுப்பு என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது.

மதியத்துக்கு மேல் எழுதியவை நேற்றைய தாள்களைச் சேர்ந்தவை அல்ல. மேசன் அண்ணன் தன் தொழிற்சொற்களை எழுதினார். பந்தலுக்குக் கால், கதவுக்கு நிலைக்கால், கூரைக்குக் கைமரம், வீட்டுக்கு முகப்பு, கோயிலுக்குக் கருவறை, விமானத்தில் சிகரத்துக்குக் கீழே கழுத்து. இத்தனையும் எழுதிய பிறகு, "வயிறு மட்டும் எந்த வீட்டிலும் இல்லை, அதை நாங்கள் வேலைக்கு வரும்போது கொண்டுவருகிறோம்" என்று ஒரு வரி. எழுத்துப் பயிற்சியில் நான் இதுவரை வாங்கிய வரிகளில் இதற்கு இணையானவை குறைவு. தோழியின் அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "புள்ளையள், அளந்து முடிஞ்சா? சோறு ஆறுது கா" என்றார். அவருடைய பெருவிரலையும் அளந்தோம். முற்றத்தில் அவருடைய கோட்டை மட்டும் யாரும் அழிக்க வேண்டாம் என்று தோழி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள், படுவான்கரை

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று நிலத்துக்குப் பெயர் வைத்த இந்த ஊராரிடம் நான் எதைக் கற்பிக்கப் போகிறேன்? முன்னர் மண்முனையில் 'பாதை' என்று சொல்லப்படும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது. இரண்டு ஓட்டோக்களில் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம்.

அங்கேயுள்ள தான்தோன்றீச்சரச் சிவன் கோயிலின் நந்தி பற்றிய கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர், இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று கேலியாகக் கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். கல்லை உடலாக்குகிற கதைகள் உலகெங்கும் உண்டு. உயிர் வந்ததற்கு அத்தாட்சியாகச் சாணத்தைக் காட்டுகிற கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வலைக்காரத் தம்பி இதை மட்டும் நாலு வரியில் எழுதி, அன்றைய வேலை முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டு அரச மரத்தடியில் படுத்துக்கொண்டார். முடிந்துதான் இருந்தது.

எங்களுடைய நாள் ஓர் அண்ணாவியாரின் வளவில் கழிந்தது. இளமையில் வடமோடிக் கூத்து ஆடி, பின்னர் பழக்கிய முதியவர். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய சாய்ப்பில், வளையிலிருந்து ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிரம்பு வளையங்கள், மேலே சிறிதும் கீழே பெரிதுமாக, நெடுக்குக் குச்சிகளில் கட்டப்பட்ட கூடு. கட்டிய நூல் சில இடங்களில் இற்றுப்போய், புதிய நைலோன் முடிச்சு விழுந்திருந்தது. நான் அதை மீன் பிடிக்கும் கரப்பு என்று நினைத்தேன். ஆழமில்லாத நீரில் மீனின் மேல் கவிழ்த்துவிட்டு, மேல்வாயால் கையை விட்டு எடுப்பார்களே, அது. அண்ணாவியார் சிரித்தார். "அதுவும் கரப்புத்தான் மனே. இது ராசாட கரப்பு."

வடமோடியில் அரசர்களுக்குரிய கரப்புடுப்பின் எலும்புக்கூடு அது. இதன் மேல் துணி போர்த்தி, மணியும் கண்ணாடியும் வைத்துத் தைத்த பிறகு, ஆடுபவர் இடுப்பில் கட்டிக்கொண்டு, கூத்து ஆடும் இடமான களரிக்கு வருவார். சுழன்று ஆடும்போது உடுப்பு ஒரு மணியைப் போல விரிந்து நிற்கும் ('போல' மீதான தடை நேற்றே முடிந்துவிட்டது). மாணவிகளில் உயரமானவள் அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அண்ணாவியார் ஒரு கணம் யோசித்தார். பெண்கள் அதைக் கட்டிய பழக்கம் அவருடைய காலத்தில் இருந்திருக்காது. பிறகு தானே இறக்கி, தூசு தட்டி, அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிந்தார். அவள் இரண்டு அடி வைத்தாள், திரும்பினாள், தண்ணீர் குடிப்பதற்காக வீட்டுக்குள் போக முயன்றாள். நிலைக்காலில் வளையம் இடித்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். வட்டத்துக்கு எது பக்கம்? மீண்டும் இடித்தது.

"ராசா வீட்டுக்குள்ள போறல்ல புள்ள. வெளியிலதான் கட்டுவார், வெளியிலதான் கழட்டுவார்" என்றார் அண்ணாவியார்.

பூர்ஷ்வாவின் பெண் வீட்டைத் தலையில் அணிந்திருக்கிறாள். அவளால் வெளியே வர முடியாது. கூத்தின் அரசன் ஒரு கூட்டை இடுப்பில் அணிந்திருக்கிறான். அவனால் உள்ளே போக முடியாது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தான் நான் இவ்வளவு தூரம் ரெயில் ஏறி வந்தேனோ என்று தோன்றியது. களரி ஏன் வட்டமாக, நாலு பக்கமும் திறந்து, பின்சுவர் இல்லாமல் இருக்கிறது என்பதற்கு அறிஞர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். நடுவில் மத்தளமும் சல்லரியும் நிற்க, அவர்களைச் சுற்றி ஆடுவதற்கு வட்டம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அரசனின் உடுப்புக்குக் கதவு ஒத்துவராது என்பதையும் நான் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

களரிக்கு எப்படி அளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். விரலும் இல்லை, கோலும் இல்லை. ஆட்டக்காரர் ஆடிக் காட்டுவாராம், அவருடைய சுற்று எங்கே போய் முடிகிறதோ அதற்கு வெளியே கம்பு நடுவார்களாம். தன் ஊரில் தாங்கள் செய்த முறை அது என்று சொன்னார். உத்தமனின் பெருவிரலுக்கு நான் இரண்டு நாளாகத் தேடிய மறுமொழி ஒரு மாட்டுக்கொட்டிலின் அருகே, பிளேன்ரீயும் பனங்கட்டியுமாகக் கிடைத்தது.

அன்று எழுதப்பட்டவற்றுள் உயரமான மாணவியின் பக்கத்தில் உடுப்பின் பாரம் இருந்தது, கயிறு அறுத்த இடம் இருந்தது, கதவில் இடித்த ஒலி இருந்தது. 'நான் அரசனாக உணர்ந்தேன்' என்ற வரியை அவள் எழுதி, பிறகு தானே வெட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது உண்மையில்ல அக்கா. தாகமாத்தான் இருந்திச்சு."

நான்காம் நாள், காத்தான்குடியும் காரைதீவும்

தெற்கு நோக்கிப் போகும் வழியில் காத்தான்குடி. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்த அடையாளங்களை மூடாமல் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் உள்ளே சென்று வந்தார்கள். பெண்களாகிய நாங்கள் வெளியே நின்றோம். பள்ளிவாசலின் தரையை அளப்பது ஸஃப் என்னும் வரிசை. தோளோடு தோள் நின்று, நெற்றி தரையில் படக் குனிய ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதுதான் அந்தக் கட்டடத்தின் அலகு. இதை எங்களுக்கு விளக்கிய முதியவர் வேறு எதையும் விளக்கவில்லை.

எழுதும் நேரத்தில் கவிஞர்களில் ஒருவர் 'சுவர் காயப்பட்டது' என்று தொடங்கினார். நான் அதை ஏற்கவில்லை. காயப்பட்டது சுவர் அன்று. அடுத்து 'கொல்லப்பட்டார்கள்' என்று எழுதினார். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அந்த வினை கொன்றவரை மிக வசதியாக மறைத்துவிடுகிறது. கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்றே அறியப்படுகிறது. எங்கள் மொழியில் கட்டளையிட்டவர்கள். அதைத் தமிழில் செய்வினையாக எழுதிப் பழகுவது எங்களுக்குத் தேவையான பயிற்சி. அதற்கு மேல் அன்று அங்கே யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்முனையைக் கடந்து காரைதீவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. விபுலானந்தர் பிறந்த ஊரில் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனோம். இப்பக்கத்தில் 'கண்ணகி' என்பதைவிடக் 'கண்ணகை' என்பதே வாயில் வரும். வைகாசிச் சடங்கு முடிந்துவிட்டது. இந்தக் கரையோரத்துக் கண்ணகை கோயில்களிற் பலவற்றில், கதவு திறத்தல் என்பதே ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் பெரிய நிகழ்வு. கல்யாணக்கால் நட்டு, குளிர்த்தி பாடி, மறுபடி அடைத்துவிடுவார்கள். ஆகவே நாங்கள் பார்த்தது ஓர் அடைத்த கதவை. தோழிக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை.

ஏனென்றால் மூன்று நாளாக நாங்கள் உடலால் கட்டடம் எழுவதையே பேசிக்கொண்டிருந்தோம். கண்ணகி எதிர்த்திசையில் போகிறாள். தன் இடமுலையைத் திருகி எறிந்து ஒரு நகரத்தையே எரிக்கிறாள்; மாடமும் கூடமும் கோட்டையும் ஓர் உடம்பின் ஒரு பகுதிக்கு முன்னால் நிற்கவில்லை. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் குளிர்த்தி. ஆண்டு முழுவதும் கதவை அடைத்து வைத்திருப்பது பக்தியா, பயமா என்று தபாலதிபர் கேட்டார். அருகில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

கல்யாணக்காலைப் பற்றி எழுதியவள் காரைதீவைச் சேர்ந்த மாணவி. மரத்திலிருந்து வெட்டி எடுத்து வந்த கால், நாட்டியபின் அதற்குப் பட்டு உடுத்தி, நகை பூட்டி, மணப்பெண்ணாக்குவார்கள். வீட்டைத் தாங்குகிற காலுக்கும் நடக்கிற காலுக்கும் ஒரே சொல் என்பதை மேசன் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். இவள் அதை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோனாள். சிறுவயதில் அந்தக் காலுக்குச் சேலை கட்டுவதைப் பார்த்தபோது, கொய்யகம் எந்தப் பக்கம் வரும் என்று தான் கேட்டதாகவும், முன்பக்கம் எது என்று அம்மன்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ மறுமொழி சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பேச்சு வீட்டு உரிமைக்குத் திரும்பியது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குப் போகும். மருமகன்தான் பெட்டியோடு வந்து சேர்வான். குடி என்னும் குலப்பிரிவும் தாய்வழி. இந்த ஊர் ஆண்கள் பலர் வாழ்நாள் முழுவதும் மனைவியின் வீட்டில் இருப்பவர்கள். இதைக் கேட்டதும் என் யாழ்ப்பாணத்து வடமராட்சி மூளைக்கு, பூர்ஷ்வாவின் படம் இங்கே வேறு பொருள் தரும் என்று தோன்றியது. வீடு அவளுடையது என்றால் தலையில் இருப்பது சிறையா, முடியா? மாணவிகள் சிரித்தார்கள். "காணி உறுதி எங்கட பேரில, கூட்டுறதும் நாங்கதான் அக்கா" என்றாள் ஒருத்தி.

ஐந்தாம் நாள், நாவலடி

காலையில் கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக்குப் போனோம். 1984இல் எழுந்த இந்தக் கோயிலில், ஓவியர் கண் திறப்பதற்கு முன்பே முருகனின் உருவம் தானாகக் கண் திறந்ததாகச் சொல்கிறார்கள். 2004 திசெம்பர் 26இல் வந்த சுனாமி கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. மேசன் அண்ணன் இரண்டாம் நாளில் அளந்த கோல் நூலின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நூல் நேராக நின்றது. அதற்குப் பின்னால் கோபுரம் தன் வழியே சாய்ந்திருந்தது. எங்களில் பாதிப் பேர் தம்மை அறியாமல் மறுபக்கம் சாய்ந்து நின்றதைத் தோழி படம் எடுத்திருக்கிறாள்.

கடைசி அமர்வுக்கு என் கையில் இருந்தது யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு வேலையான 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஒரு கட்டடக் கலைஞரின் சீரான வரைபடத்தோடும் தன் பஸ்டல் ஓவியத்தோடும் சேர்த்து, முற்றுப்பெறாத ஒரு தோம்பாக அவர் ஆக்கினார். இதைச் சொன்னதும் சிறிய விரல்காரி, முற்றத்தில் மிகச் சிறிய அரங்கு வரைந்தவள், தன் வீடு நாவலடியில் இருந்தது என்றாள். சுனாமியின்போது அவள் கைக்குழந்தை; வீடு அவளுக்கு நினைவில் இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது. இப்போது திராய்மடுவில் இருக்கிறார்கள்.

அம்மாவை அழைத்து வந்தாள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த மணல் நிலத்தில், நினைவுத்தூபியைத் தாண்டி நடந்தோம். அலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். புதிய வீட்டுத்திட்டங்களில், பெண் வழி வந்த காணிக்கு ஈடான வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. அம்மா அதைப் பற்றி ஒரே வாக்கியம் சொன்னார். சொன்ன தொனியை எழுத என்னால் முடியவில்லை, ஆகையால் வாக்கியத்தையும் விடுகிறேன்.

அத்திவாரத்தின் ஒரு மூலையும் பின்வாசற்படியும் மணலுக்கு மேல் தெரிந்தன. கிணறு இருந்தது; வாயில் பற்றை மூடியிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறி நின்றார்.

"பின்வாசலில இருந்து கிணத்தடிக்குப் பதினேழு எட்டு. ரா இருட்டில வாளியோட கண்ணை மூடிக்கொண்டு போவன்."

மகள் கொப்பியைத் திறந்து எழுத ஆயத்தமானாள். அம்மா நடந்தார். பத்து, பதினொன்று என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். பதினேழில் நின்று கையை நீட்டினார். கட்டு இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. கிணறு இன்னும் தள்ளி இருந்தது. திரும்பி வந்து படியிலிருந்து மறுபடி தொடங்கினார். இம்முறை இருபத்திரண்டில்தான் கட்டில் கை பட்டது. யாராவது கிணற்றைத் தள்ளி வைத்தார்களா என்று கேட்பவரைப் போல எங்களைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "எட்டுக் குறுகிப்போச்சு" என்றார்.

மகள் கொப்பியில் 17 என்று எழுதி, அதன் பக்கத்தில் 22 என்று எழுதினாள். எதையும் வெட்டவில்லை.